பவர் சப்ளைக்கான கடப்பாரைச் சுற்றுப் பலகை: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

என் மேசையில் இருக்கும் 13.8 வோல்ட், 10 ஆம்பியர் லீனியர் பவர் சப்ளையில் வெளிமுனைக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கடத்திக் கட்டுப்படுத்தும் பாஸ் டிரான்சிஸ்டர்களாக இணையாக நின்ற இரண்டு 2என்3055களில் ஒன்று, எந்த முன்னறிவிப்பும் இன்றி, கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே ஷார்ட் ஆனது. அத்தகைய நேரத்தில் ரெகுலேட்டர் ஐ.சி. என்ன முயன்றாலும் பயனில்லை. ரெக்டிஃபயருக்குப் பின்னால் உள்ள பெரிய கெபாசிட்டரில் நிற்கும் 21 வோல்ட் அப்படியே வெளிமுனைக்கு வந்துவிடும். வந்தது, அதில் இணைத்திருந்த, அனுப்பவும் வாங்கவும் செய்யும் வானொலிக் கருவி போனது. டிரான்சிஸ்டர்கள் பழுதாகும்போது திறந்துகொள்வதைவிட ஷார்ட் ஆவதே அதிகம் என்பதையும், அதனால் லீனியர் பவர் சப்ளையின் மிக மோசமான பழுதே அதன் மிகச் சாதாரணமான பழுதாகவும் இருக்கிறது என்பதையும் படித்து அறிந்திருந்த எனக்கு, அதைக் கையில் வாங்கிய பிறகுதான் பாதுகாப்புச் சுற்று வாங்க வேண்டும் என்று தோன்றியது. அப்படி வாங்கிய, தைரிஸ்டர் என்னும் மின்னணுச் சுவிட்சால் இயங்கும் ஒரு பாதுகாப்புப் பலகையைப் பற்றியதே இந்த மதிப்பீடு.

இத்தகைய கடப்பாரைச் சுற்றை ஆங்கிலத்தில் குரோபார் என்பார்கள். மின்சாரம் பாயும் இரண்டு பஸ் பார்களின் குறுக்கே கடப்பாரையைத் தூக்கிப் போட்டால் என்ன நடக்குமோ அதையே இந்தச் சுற்றும் செய்வதால் அந்தப் பெயர். வெளிமுனையின் மின்னழுத்தம் குறித்த எல்லையைத் தாண்டியதும், பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையே நிற்கும் எஸ்.சி.ஆர். வகைத் தைரிஸ்டரின் தூண்டு காலான கேட்டுக்கு ஒரு தூண்டல் செல்கிறது; அது கடத்தத் தொடங்கி வெளிமுனையை ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு இறக்கிவிடுகிறது; பாயும் பெரும் மின்னோட்டத்தில் ஃபியூஸ் எரிந்து சுற்று துண்டிக்கப்படுகிறது. ஒருமுறை தூண்டப்பட்ட எஸ்.சி.ஆர்., தன் வழியே பாயும் மின்னோட்டம் தாங்கு மின்னோட்டம் எனப்படும் சிறு அளவுக்குக் கீழே இறங்கும் வரை தானாக அணைவதில்லை. வேறு இடங்களில் தலைவலியாக இருக்கும் இந்தக் குணமே இங்கே வேலைக்கு ஆகிறது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1957ஆம் ஆண்டில் உருவாக்கிய எஸ்.சி.ஆருக்கு, மோட்டார் வேகம், விளக்கின் ஒளி என்று எத்தனையோ கௌரவமான பணிகள் உண்டு. வாழ்நாள் முழுவதும் சும்மா நின்றுவிட்டு ஒரே ஒரு முறை வேலை செய்யும் பணி இது ஒன்றுதான்.

பலகை உள்ளங்கையில் பாதி அளவு. நடுவில் எம்.சி.3423 என்ற எட்டுக் கால் ஐ.சி., ஓரத்தில் டி.ஓ.220 உறையில் 25 ஆம்பியர் எஸ்.சி.ஆர்., அதன் முதுகில் பெயருக்கு ஒரு சிறிய ஹீட் சிங்க், எல்லையைச் சரிசெய்யப் பல முறை திருகக்கூடிய பிரிசெட் (மாற்றத்தக்க ரெசிஸ்டர்) ஒன்று, ஒரு சிவப்பு எல்.இ.டி., இரண்டு பெரிய ஸ்க்ரூ டெர்மினல்கள். ஈயப் பற்றுகள் பளபளப்பாக, ஒழுங்காக இருந்தன. பெருமின்னோட்டம் பாயும் செப்புத் தடங்கள் அகலமாக இருந்ததோடு, அவற்றின் மேல் கூடுதலாக ஈயம் ஏற்றித் தடிப்பாக்கியும் இருந்தார்கள். செய்தவருக்கு இந்தச் சுற்றின் வேலை தெரிந்திருக்கிறது என்ற நம்பிக்கை அதைப் பார்த்தபோது வந்தது. உடன் வந்த ஒற்றைத் தாள் கையேட்டைப் பார்த்தபோது அந்த நம்பிக்கை கொஞ்சம் குறைந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில், இந்த ஐ.சி. இருப்பது ஏன் நல்லது என்று சொல்ல வேண்டும். மிக மலிவான கடப்பாரைச் சுற்றில் குறித்த மின்னழுத்தத்தைத் தாண்டினால் கடத்தும் ஒரு ஜீனர் டயோடு, ஒரு ரெசிஸ்டர், ஒரு எஸ்.சி.ஆர். ஆகிய மூன்றே பாகங்கள் இருக்கும். ஜீனர் கடத்தத் தொடங்கினால் கேட்டுக்கு மின்னோட்டம் செல்லும். படத்தில் பார்க்க அழகாக இருக்கும் இந்த ஏற்பாட்டில் இரண்டு குறைகள் உண்டு. ஐந்து சதவீதத் துல்லியமுள்ள 15 வோல்ட் ஜீனர் 14.25 வோல்ட்டிலும் இருக்கலாம், 15.75 வோல்ட்டிலும் இருக்கலாம். அதோடு கேட்டின் மின்னழுத்தம் வேறு சேர்கிறது, அதுவும் சூடேறினால் குறைகிறது. இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. மின்னழுத்தம் மெதுவாக ஏறினால் கேட்டுக்குச் செல்லும் மின்னோட்டமும் மெதுவாக ஏறும், அப்போது எஸ்.சி.ஆரின் சில்லு முழுவதும் ஒரே சமயத்தில் விழிப்பதில்லை. கேட்டுக்கு அருகில் உள்ள சிறு பகுதி மட்டும் முதலில் கடத்தத் தொடங்கி, நூற்றுக்கணக்கான ஆம்பியரையும் அது ஒன்றே சுமக்க நேர்ந்து, அந்த இடம் கருகிவிடும். எம்.சி.3423 ஐ.சி.யோ 2.6 வோல்ட் ஒப்பீட்டு மின்னழுத்தத்தோடு வெளிமுனையின் ஒரு பங்கை ஒப்பிட்டு, எல்லை தாண்டியதும் கேட்டுக்கு 300 மில்லி ஆம்பியர் வரை ஒரே உதையாகக் கொடுக்கிறது. 40 மில்லி ஆம்பியரே போதும் என்று சொல்லும் எஸ்.சி.ஆருக்கு இந்த உதை தாராளம். தாராளமாகத்தான் இருக்க வேண்டும்.

எல்லையை எங்கே வைப்பது என்பதில் நான் சற்று நேரம் செலவிட்டேன். 13.8 வோல்ட் வானொலிக் கருவிகளில் பெரும்பாலானவை கூட்டியோ குறைத்தோ 15 சதவீதம் வரை தாங்கும் என்று குறிக்கப்பட்டிருக்கும். மேல் எல்லை ஏறத்தாழ 15.87 வோல்ட். ஐ.சி.யின் கணக்கு எளிது: வெளிமுனையின் மின்னழுத்தத்தைப் பங்கிட்டு ஐ.சி.க்குக் கொடுக்கும் இரண்டு ரெசிஸ்டர்களில், மேல் ரெசிஸ்டரைக் கீழ் ரெசிஸ்டரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, 2.6ஆல் பெருக்க வேண்டும். மேலே 10 கிலோ ஓம், கீழே 2 கிலோ ஓம் என்றால் 15.6 வோல்ட் கிடைக்கிறது. ஆனால் அந்த 2.6 என்பது ஐ.சி.க்கு ஐ.சி. 2.45 முதல் 2.75 வரை மாறலாம் என்பதால், கணக்கை மட்டும் நம்பாமல் அளந்தே ஆக வேண்டும். மின்னோட்டத்தை 1 ஆம்பியருக்கு மட்டுப்படுத்திய மாற்றத்தக்க பவர் சப்ளையில் பலகையை இணைத்து மெதுவாக ஏற்றியபோது, பெட்டியிலிருந்து எடுத்த நிலையில் அது 14.2 வோல்ட்டிலேயே விழுந்தது, அதாவது தூண்டப்பட்டு வெளிமுனையை ஷார்ட் செய்தது. பிரிசெட்டைத் திருப்பி 15.5 வோல்ட்டுக்குக் கொண்டுவந்தேன். பத்து முறை ஏற்றிப் பார்த்ததில் மீட்டரின் கடைசி இலக்கம் மட்டுமே அசைந்தது.

பிரிசெட்டைப் பற்றி ஒரு குறை. அதைப் பலகையில் மேல் ரெசிஸ்டரின் கிளையில் வைத்திருக்கிறார்கள். பிரிசெட்டின் நடுக்கால் என்றாவது தொடர்பை இழந்தால், ஐ.சி. பார்க்கும் மின்னழுத்தம் பூஜ்யமாகிவிடும். அதாவது வெளிமுனையில் நூறு வோல்ட் வந்தாலும் சுற்று உறங்கிக்கொண்டிருக்கும். அதே பிரிசெட் கீழ்க் கிளையில் இருந்திருந்தால், தொடர்பு போனதும் சுற்று தேவையில்லாமல் விழுந்து, பழுதைத் தானே அறிவித்திருக்கும். பாதுகாப்புக் கருவி பழுதாகும்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்பது, அது எவ்வளவு துல்லியமானது என்பதைவிட முக்கியம். நான் பிரிசெட்டைக் கழற்றிவிட்டு, மேலே 10 கிலோ ஓம், கீழே 2 கிலோ ஓம் என ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களைப் பற்றவைத்தேன். என் பலகையில் இருந்த ஐ.சி.க்கு அது 15.4 வோல்ட்டைக் கொடுத்தது. அதுவே போதுமென்று விட்டுவிட்டேன்.

இப்போது கையேட்டுக்கு வருகிறேன். அதில் உள்ள ஒரே படம் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி பக்கத்தில் மட்டும் ஃபியூஸைக் காட்டுகிறது. இது தவறு; ஆபத்தான தவறு. பிரைமரி ஃபியூஸ் டிரான்ஸ்ஃபார்மர் தொடங்கும்போது ஏற்படும் திடீர் மின்னோட்டத்தைத் தாங்க வேண்டும் என்பதால் பெரும்பாலும் மெதுவாக எரியும் வகையாகவே இருக்கும். செகண்டரியில் ஷார்ட் ஏற்பட்டால் அது எரிவதற்குள் எஸ்.சி.ஆர். மாறுமின்னோட்டத்தின் பல அரை அலைகளைச் சுமக்க வேண்டிவரும். சரியான இடம், பெரிய கெபாசிட்டருக்கும் பாஸ் டிரான்சிஸ்டருக்கும் இடையே. அங்கே வைத்தால், ரெகுலேட்டருக்கு முன்னால் சேமித்து வைத்திருக்கும் ஆற்றலே ஃபியூஸை எரிக்க உதவுகிறது. என் பவர் சப்ளையில் 15,000 மைக்ரோ ஃபேரட் 21 வோல்ட்டில் நிற்கிறது. வயர், டிரான்சிஸ்டர், ஃபியூஸ் எல்லாவற்றின் தடையும் சேர்ந்து 60 மில்லி ஓம் என்று கொண்டால், உச்ச மின்னோட்டம் 350 ஆம்பியர். ஏறத்தாழ ஒரு மில்லி விநாடிக்குள் அதன் பெரும்பகுதி பாய்ந்து முடிகிறது.

இந்த இடத்தில்தான் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ‘30 ஆம்பியர் பவர் சப்ளை வரை’ என்ற வாசகத்தோடு எனக்கு உடன்பாடில்லை. எஸ்.சி.ஆரும் ஃபியூஸும் ஒரே மின்னோட்டத்தை ஒரே சமயத்தில் சுமக்கின்றன. யார் முதலில் போவது என்பதே கேள்வி. இதைத் தீர்மானிப்பது ஆம்பியர் அளவு அல்ல, மின்னோட்டத்தின் வர்க்கத்தை நேரத்தால் பெருக்கிக் கிடைக்கும் எண். இந்த வகை 25 ஆம்பியர் எஸ்.சி.ஆருக்கு அந்த எண் 450 ஆம்பியர் வர்க்க விநாடி. ஃபியூஸ் முற்றாகத் துண்டிக்க எடுத்துக்கொள்ளும் எண் இதைவிடக் குறைவாக, என் கருத்தில் பாதிக்கும் குறைவாக, இருக்க வேண்டும். விரைவாக எரியும் 10 ஆம்பியர் ஃபியூஸுக்கு அப்படிப்பட்ட ஒன்றைத் தேடி எடுக்க முடிந்தது. 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் எஸ்.சி.ஆர்தான் ஃபியூஸாக மாறும். சில சமயம் அது ஷார்ட் ஆகவே செத்து, செத்தும் காவல் காக்கும். ஆனால் அதன் கால் கம்பி உருகித் திறந்துகொண்டால் கருவியின் கதை முடிந்தது. 30 ஆம்பியர் பவர் சப்ளை வைத்திருப்பவர் இந்தப் பலகையில் ஐ.சி. பகுதியை மட்டும் பயன்படுத்திக்கொண்டு, வெளியே, போல்ட்போல் திருகி இறுக்கும் பெரிய ஸ்டட் வகை எஸ்.சி.ஆர். ஒன்றைத் தனியே பொருத்துவதே நல்லது.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். எஸ்.சி.ஆரில் மின்னோட்டம் ஏறும் வேகத்துக்கும் எல்லை உண்டு. இதற்கு 50 ஆம்பியர் ஒரு மைக்ரோ விநாடிக்கு. முப்பது சென்டிமீட்டர் வயர் போகவும் வரவும் சேர்ந்து ஏறத்தாழ 0.6 மைக்ரோ ஹென்றி தூண்டத்தைக் கொண்டிருக்கும். 21 வோல்ட்டை அதனால் வகுத்தால் 35 ஆம்பியர், அதாவது எல்லைக்குள். வயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது என்ற வழக்கமான அறிவுரை இங்கே செல்லாது. பெரிய கெபாசிட்டரின் கால்களிலேயே எஸ்.சி.ஆரைப் பற்றவைப்பவர் அதற்குக் குழி வெட்டுகிறார்.

பலகையைப் பொருத்திய பிறகு உண்மையான பழுதை உண்டாக்கிப் பார்த்தேன். வெளிமுனையில் வானொலிக்குப் பதிலாக ஒரு கம்பிச்சுருள் ரெசிஸ்டர். பாஸ் டிரான்சிஸ்டரின் கலெக்டரையும் எமிட்டரையும் ஷார்ட் செய்ய ஒரு கனமான ரிலே. ஆஸிலோஸ்கோப் ஒரு முறை மட்டும் பதியும் நிலையில். ரிலேயின் பொத்தானை அழுத்தியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம், பெட்டிக்குள் நீலமாக ஒரு மின்னல், அவ்வளவுதான். ஃபியூஸின் கண்ணாடி உட்பக்கம் முழுவதும் வெள்ளி பூசியதுபோல் ஆகியிருந்தது. கம்பி உருகாமல் ஆவியாகிப் போனதன் அடையாளம் அது. திரையில் மின்னழுத்தம் 13.8இலிருந்து வளைந்து ஏறி, 17.5 வோல்ட்டைத் தொட்டு, அங்கிருந்து செங்குத்தாக விழுந்து, மூன்று வோல்ட்டுக்குக் கீழே சற்று நேரம் தவழ்ந்து, நான்கு மில்லி விநாடிக்குப் பிறகு பூஜ்யத்தில் படுத்தது. எல்லை 15.4 ஆக இருக்க 17.5 வரை ஏன் போனது என்றால், பலகையில் இருக்கும் 1 நானோ ஃபேரட் தாமதக் கெபாசிட்டர் 12 மைக்ரோ விநாடி காத்திருக்கச் சொல்கிறது. அந்தக் காத்திருப்பு இல்லாவிட்டால், மின்னழுத்தம் கணநேரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு சிறு முள்ளுக்கும் சுற்று விழும்.

காத்திருப்பு இருந்தும் என் பலகை முதல் மாதத்தில் இரண்டு முறை வீணாக விழுந்தது. இரண்டு முறையும் அருகில் சால்டரிங் கன்னின் சுவிட்சை விட்ட நொடியில். தாமதக் கெபாசிட்டரைப் பெரிதாக்குவதே எல்லோரும் சொல்லும் வைத்தியம், 4.7 நானோ ஃபேரட் போட்டுப் பார்த்தேன், வீண் விழுதல் நின்றது, ஆனால் அதே பழுதுச் சோதனையில் மின்னழுத்தம் 20 வோல்ட்டைத் தாண்டிய பிறகே சுற்று விழித்தது. காவலாளியைத் தூங்கவைத்துவிட்டு வீட்டில் அமைதி என்று சொல்வதைப் போன்றது இது. பிறகு, அளக்கும் வயர்களை முறுக்கி, வெளிமுனையின் போல்ட்டிலேயே நேராக இணைத்து, தாமதத்தை 2.2 நானோ ஃபேரட்டில் நிறுத்தினேன். உச்சம் 19 வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. அதற்குப் பிறகு வீணாக விழவில்லை.

வீண் விழுதல் வெறும் எரிச்சல் என்று நினைத்தால் அதுவும் பிழை. அப்போது பாஸ் டிரான்சிஸ்டர் நலமாக இருக்கிறது. ரெகுலேட்டரின் மின்னோட்ட வரம்பு வேலை செய்கிறது. எனவே ஃபியூஸ் எரியாது. எஸ்.சி.ஆர். 12 ஆம்பியரைச் சுமந்துகொண்டு நிற்கும், பதினான்கு வாட் அளவுக்கு அது சூடாகும், பலகையோடு வரும் தகரத் துண்டு அதற்குப் போதாது. அதைவிடக் கொடுமை, அதே 12 ஆம்பியர் பாஸ் டிரான்சிஸ்டர்களில் 20 வோல்ட் இறக்கத்தோடு பாய்வதால் அங்கே 240 வாட். ஷார்ட் ஏற்பட்டால் மின்னோட்டத்தை மடக்கிக் குறைக்கும் ஏற்பாடு இல்லாத பவர் சப்ளையில், உயர் மின்னழுத்தத்திலிருந்து காக்க வந்த சுற்றே டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். எஸ்.சி.ஆரைப் பெட்டியின் அலுமினியச் சுவரில் மைக்கா தாள் வைத்து இறுக்கினேன். இந்தப் பலகையின் மிகப் பாராட்டத்தக்க அம்சமும் இங்கேதான் இருக்கிறது: ஐ.சி.யின் அறிவிப்புக் காலை எல்.இ.டி.யோடு நிறுத்தாமல் தனி டெர்மினலுக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். அதிலிருந்து ஒரு சிறிய டிரான்சிஸ்டர் வழியாக ரெகுலேட்டரின் கட்டுப்பாட்டுக் காலை இழுத்து, சுற்று விழுந்ததும் ரெகுலேட்டரும் அணையும்படி செய்ய முடிந்தது.

இத்தனை தொல்லைக்கு, கணநேர மின்னழுத்த ஏற்றத்தை உறிஞ்சும் ஒரு டி.வி.எஸ். டயோடு போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மின்னல், மோட்டார் போன்றவற்றால் வரும் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான முட்களுக்கு அது மிக நல்லது. ஆனால் 18 வோல்ட் என்று குறித்த 1,500 வாட் டி.வி.எஸ். தன் முழு மின்னோட்டத்தில் 25 வோல்ட் வரை அனுமதிக்கும். பாஸ் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி 21 வோல்ட் நிலையாக வந்து நிற்கும்போது, அந்த 1,500 வாட் என்பது ஒரு மில்லி விநாடிக் கணக்கு என்பது வெளிப்பட்டு, அது எரிந்துபோகும். இரண்டையும் சேர்த்து வைப்பதே முறை.

கணினிகளின் ஸ்விட்ச்சிங் பவர் சப்ளைக்கு இந்தப் பலகையை வாங்க வேண்டியதில்லை. அவற்றுக்கான ஏ.டி.எக்ஸ். என்ற தரநிலையின் வழிகாட்டியின்படி 12 வோல்ட் தடம் 13.4க்கும் 15.6க்கும் இடையிலும், 5 வோல்ட் தடம் 5.74க்கும் 7.0க்கும் இடையிலும் தானே அணைந்து பூட்டிக்கொள்ள வேண்டும். அங்கே ஸ்விட்ச்சிங்கை நிறுத்தினாலே ஆற்றல் வருவது நின்றுவிடும். 7 வோல்ட்டுக்கு மேல் தாங்காத பழைய 74 வரிசை டிஜிட்டல் ஐ.சி.களை லீனியர் பவர் சப்ளையில் ஓட்டுபவர்களுக்கோ இது மிகப் பொருந்தும். ஐ.சி. 4.5 வோல்ட்டிலிருந்தே வேலை செய்யும், குறைந்த வோல்ட் ஜீனர்கள் சட்டென்று கடத்தத் தொடங்காத குறையும் இங்கே தொல்லை தராது. வெளிமுனையில் பேட்டரியைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் மட்டும், பேட்டரியின் பக்கமும் ஒரு ஃபியூஸ் இல்லாமல் இதைத் தொட வேண்டாம். சுற்று விழுந்தால் எஸ்.சி.ஆர். ஷார்ட் செய்வது பேட்டரியையும் சேர்த்துத்தான்.

சில மாதங்களுக்கு ஒருமுறை இதைச் சோதிக்கவும் வேண்டும். அதற்காக ஒவ்வொரு முறையும் ஒரு ஃபியூஸைப் பலியிட வேண்டியதில்லை. வெளிமுனையில் எதையும் இணைக்காமல், ஃபியூஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் 24 வோல்ட், 21 வாட் லாரி பல்பு ஒன்றை இணைத்துக்கொள்கிறேன். மேலே உள்ள 10 கிலோ ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கையால் தொடுவித்தால், எல்லை 13.8க்குக் கீழே இறங்கி, சுற்று விழ வேண்டும். பல்பு எரிந்து, ரெசிஸ்டரை எடுத்த பிறகும் அணையாமல் நின்றால் ஐ.சி., கேட், எஸ்.சி.ஆர். மூன்றும் நலம். மெயின் சுவிட்சை அணைத்து, பெரிய கெபாசிட்டர் வடியும் வரை காத்திருந்து, பல்பை எடுத்துவிட்டு ஃபியூஸைத் திரும்பப் போட வேண்டும். பல்போடு மூடிவிட்டு, வானொலி ஏன் ஒலிபரப்ப மறுக்கிறது என்று ஒரு மாலை முழுவதும் நான் தேடியிருக்கிறேன்.